ஐந்தாவது பாலிகை

அத்தியாயம் 4

வைரவன் தன் கையில் விழுந்த தீர்த்தத்தை அப்படியே உச்சந்தலையில் தடவிக்கொண்டபோது, இந்த ஆளுக்குத் தலைச்சாயம் சரியாகப் பிடிக்கவில்லை என்பதுதான் தேவானைக்கு முதலில் தோன்றியது. காதோரம் கறுப்பு, வகிட்டில் செம்பட்டை. ஊரையே புதுசாக்கிக் காட்டுகிறேன் என்று பேப்பரில் அரைப் பக்கம் விளம்பரம் போடுகிற மனிதர், தன் தலையைப் புதுசாக்க ஒரு நல்ல ஆளைப் பிடித்திருக்கலாம்.

அடுத்து குருக்கள் அவள் கையில் வார்த்தார். தேவானை குடித்தாள். லேசாகக் கசந்தது. துளசி முற்றல் போலிருக்கிறது என்று விழுங்கிவைத்தாள்.

தேவானைக்கு நாற்பது தாண்டிவிட்டது. இன்ஷூரன்ஸ் கம்பெனியில், பொய் சொல்லி நஷ்டஈடு கேட்பவர்களைக் கண்டுபிடிக்கும் வேலையில் இருந்தவள். கம்பெனிக்காரர்கள் சொன்ன பொய்யையும் சேர்த்துக் கண்டுபிடித்ததால் வீட்டுக்கு அனுப்பினார்கள். இப்போது லஸ் முனையில் ஒரு மருந்துக்கடை மாடியில் துப்பறியும் நிலையம் வைத்திருக்கிறாள். அவளுக்கு உதவியாள், டிரைவர், பேச்சுத் துணை எல்லாம் வலியுல்லா ஒருவன்தான். சொந்த ஆட்டோ வைத்திருந்தான். வாயை மூடி வைத்துக்கொள்ள மட்டும் அவனிடம் எதுவும் இல்லை.

மெட்ராஸுக்குச் சென்னை என்று பெயர் மாறியது போன வருஷம். அடையாற்றுக் கரையில் இருந்த ரிம் கம்பெனிக்கு நந்தவன நகரம் என்று பெயர் மாறியது இந்த வருஷம். அந்தக் கம்பெனி நடந்த காலத்தில் அங்கே சைக்கிள் ரிம்முக்குப் பளபளவென்று முலாம் பூசினார்கள். ரிம் ஊர் ஊராகப் போனது. கழுவிய தண்ணீர் மட்டும் எங்கும் போகவில்லை, அங்கேயே மண்ணுக்குள் இறங்கியது. கம்பெனி மூடி, பூட்டு துருப்பிடித்து, புல்கூட மனசில்லாமல் முளைத்துக் கிடந்த அந்த இடத்தை தி.நகர் சேலைக்கடை முதலாளி வைரவன் வாங்கினார். விஷ மண்ணை வாரி வெளியே கொட்டிவிட்டேன், சுத்த மண்ணை நிரப்பிவிட்டேன், சோதனையும் முடிந்துவிட்டது என்று விளம்பரம் செய்தார்.

கீழே கடை, மேலே வீடு, நடுவில் பூங்கா, ஓரத்தில் நர்சரிப் பள்ளி, பக்கத்திலேயே கிளினிக், வாசலில் பிள்ளையார் கோயில். பிறந்து, படித்து, வாங்கி, விற்று, சாமி கும்பிட்டு, ஒரே காம்பவுண்டுக்குள் ஆயுளை முடித்துவிடலாம். முதல் பிளாக்குக்குத் தன் ஒரே மகள் கீர்த்தியின் பெயரை வைத்திருந்தார். விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் ஒரு வாசகம்: 'என் மகளைக் குடிவைக்கும் மண்.'

மயிலாப்பூரிலும் நங்கநல்லூரிலும் இருந்த படித்தவர்கள் அதைப் படித்துவிட்டு வரிசையில் நின்று புக் செய்தார்கள். பத்து ரூபாய்க் கத்தரிக்காயை நசுக்கிப் பார்த்து வாங்குகிறவர்கள்தான். வீட்டுக்கு மட்டும் விளம்பரத்தை நசுக்கிப் பார்த்தால் போதும் என்று நினைத்துவிட்டார்கள்.

நாளைக் காலையில் அந்தப் பிள்ளையாருக்குக் கும்பாபிஷேகம். அதற்கு முன்னால் பாலிகை வைப்பது வழக்கம். சின்ன மண்சட்டிகளில் மண் போட்டு நவதானியம் விதைத்து, யாகசாலை ஓரத்தில் வைத்துத் தண்ணீர் தெளிப்பார்கள். முளை செழித்தால் காரியம் செழிக்கும் என்பது நம்பிக்கை. இங்கே ஐந்து சட்டி வைத்ததில் நாலு கருகிவிட்டது. வீடு புக் செய்தவர்கள் சிலர் வந்து அதைப் பார்த்துவிட்டார்கள். பார்த்தவர்கள் போய்ச் சொல்லிவிட்டார்கள். தேவானையை வைரவன் கூப்பிட்டு அனுப்பியதற்கு இதுதான் காரணம்.

"பாத்தீங்களாம்மா" என்று சட்டிகளைக் காட்டினார் வைரவன். "மண்ணு ஒரே மண்ணு. தண்ணி ஒரே தண்ணி. விதையும் ஒரே விதை. நாலு கருகி ஒண்ணு மட்டும் தளதளன்னு நிக்குதுன்னா என்ன அர்த்தம்? எவனோ கைவச்சிருக்கான். இந்தக் கொட்டகையில கூடவே இருந்தது இந்த ஐயரு மட்டும்தான்."

சந்திரமௌலி குருக்கள் தீர்த்தம் வார்த்த உத்தரணியைக் கீழே வைத்தார். மெலிந்த மனிதர். மயிலாப்பூர்ச் சந்து ஒன்றில் சின்னக் கோயிலில் பூஜை செய்கிறவர்.

"நான் ஏன் சார் அப்படிப் பண்ணப்போறேன்? முளை வரலேன்னா தோஷம் எனக்குன்னுன்னா சொல்லுவா" என்றார்.

"போட்டிக் கம்பெனிக்காரன் குடுத்திருப்பான். வாங்கியிருப்பீரு" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு, வைரவன் தேவானையின் பக்கம் திரும்பினார். "சாயங்காலம் புக் பண்ணவங்க எல்லாரும் வர்றாங்கம்மா. அவங்க முன்னால இன்னார்தான் பண்ணினாருன்னு நீங்க சொல்லிடணும். அப்புறம் இவரை ஸ்டேஷன்ல ஒப்படைச்சிட்டு, இவரு கோயில் தர்மகர்த்தா கிட்டயும் ஒரு வார்த்தை போட்டு வச்சிடுறேன்."

அந்த ஒரு வார்த்தை போதும். குருக்களுக்கு அந்தக் கோயிலை விட்டால் வேறு பிழைப்பு இல்லை. குடியிருப்பதும் கோயில் வீடு. பெயர் கெட்டால் சாமியும் போகும், கூரையும் போகும். அது தெரிந்துதான் வைரவன் சொன்னார். குருக்களின் முகத்தைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னார்.

"யார் பண்ணினதுன்னு நீங்களே முடிவு பண்ணிட்டீங்க. அப்புறம் நான் எதுக்கு?" என்று கேட்டாள் தேவானை.

"சொல்றதுக்கு."

வலியுல்லா அவள் காதோரம் குனிந்தான். "மைக் செட் வாடகைக்கு எடுக்குறா மாதிரி நம்மள எடுத்துக்கீறாருக்கா."

அப்போது வேட்டிக்கு மேல் பெல்ட்டும் பெல்ட்டில் பேஜரும் மாட்டிய ஒருவர் வந்து சேர்ந்தார். பெயர் பரத்வாஜ். நங்கநல்லூரில் இருந்த சொந்த வீட்டை விற்று, இங்கே ஒரு வீடு குடியிருக்கவும் ஒரு வீடு விலை ஏறவும் வாங்கியிருக்கிறார். கருகிய சட்டிகளை அவர் எட்டிப் பார்க்கவில்லை. மூக்குக் கண்ணாடி வழியாகத் தேவானையைத்தான் பார்த்தார்.

"மேடம், சட்டுனு முடிச்சுக் குடுங்கோ. இதெல்லாம் வெளில பரவித்துன்னா ரேட்டு படுத்துடும்."

"உங்களுக்கு என்ன ஆச்சுன்னு தெரிஞ்சுக்க வேண்டாமா?"

"ஆகவேண்டியது ஆனா சரி. என்ன ஆச்சுங்கறது எதுக்கு?" என்று சொல்லிவிட்டுத் தன் பால்கனியைப் பார்க்கப் போய்விட்டார். வைரவனும் அவரோடு போனார். இப்படிப்பட்டவர்களை ஏமாற்றுவதில் ஒரு திறமையும் தேவையில்லை என்று தேவானைக்குப் பட்டது. வைரவன் பெரிய கெட்டிக்காரர் இல்லை, நல்ல இடமாகப் பார்த்துக் கடை விரித்திருக்கிறார், அவ்வளவுதான்.

அவர்கள் போனதும் குருக்களிடம் கேட்டாள். "ஒரே மண்ணுன்னு சொல்றாரே, நிஜமா ஒரே இடத்துலதான் எடுத்தீங்களா?"

"இல்லம்மா. வழக்கமா நாங்க ஆத்தங்கரை மண்ணோ புத்துமண்ணோ எடுத்துண்டு வருவோம். இல்லேன்னா ஆத்துத் தோட்டத்துலேர்ந்து ஒரு பை. இவர்தான் வீடியோக்காரனை நிறுத்தி வெச்சுண்டு, எம் மண்ணுலதான் முளைக்கணும், எங் கிணத்து ஜலத்தைத்தான் தெளிக்கணும்னு ஒத்தக் கால்ல நின்னார். நாலு மூலைலயும் நாலு சட்டிக்கு எடுத்தேன். அஞ்சாவதுக்குப் பார்க்குல தென்னமரத்தடிலேர்ந்து எடுத்தேன்."

"தீர்த்தமும் இந்தக் கிணத்துத் தண்ணிதானா?"

"அதேதான். வந்த நாள்லேர்ந்து எனக்கு வயிறே சரியில்லே, அது வேற."

தேவானை கருகிய சட்டி ஒன்றில் விரலைவிட்டுப் பார்த்தாள். பச்சையும் மஞ்சளும் கலந்து, பிசுபிசுத்த கருமண். பயறு மூக்கை நீட்டிப் பார்த்துவிட்டு, இந்தக் காம்பவுண்டில் பிறப்பது புத்திசாலித்தனம் இல்லை என்று கருகியிருந்தது. ஐந்தாவது சட்டியில் விரலைவிட்டாள். வெளிறின மணல், நடுநடுவே உடைந்த கிளிஞ்சல்.

"பீச்சு மண்ணுக்கா இது" என்றான் வலியுல்லா. "பத்து எட்டு தள்ளி வேற மண்ணு கீது. இங்க மட்டும் கடல் எப்படி வந்துச்சு?"

"மரத்தோட வந்திருக்கும்."

"கரெக்ட்டுக்கா. தென்னமரம் லாரில படுத்துக்கினு போவசொல்லோ நானே டிராபிக்ல மாட்டிக்கினேன். கொட்டிவாக்கத்துலேர்ந்து வந்துச்சு. ஓலை எல்லாம் கட்டி, தலைய வெளில நீட்டிக்கினு, ஆஸ்பத்திரிக்கு இட்டுனு போறாங்கன்னு நெனச்சேன். பாத்தா இங்க அட்மிட் ஆயிருக்குது."

"கிளம்பு."

கொட்டிவாக்கத்தில் கடற்கரைச் சாலையை ஒட்டிய தென்னந்தோப்புக்குச் சொந்தக்காரி தங்கபுஷ்பம். நாசரேத் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவள். சாலையோரம் இளநீர் குவித்து வைத்து, கையில் அரிவாளோடு உட்கார்ந்திருந்தாள். தோப்புக்குள் இங்கொன்றும் அங்கொன்றுமாகப் பெரிய பெரிய குழிகள் தெரிந்தன. தேவானை இளநீர் வாங்கிக் குடித்துக்கொண்டே விஷயத்தை ஆரம்பித்தாள்.

"மரமா? குடுத்தேன். ஒரு வாட்டி இல்ல, மூணு வாட்டி குடுத்தேன்."

"மூணும் ஒரே இடத்துக்கா?"

"ஒரே எடத்துக்குத்தான். ஆத்தங்கரையில என்னமோ நகரம் கட்டுதாவளாம். மொதல்ல கொண்டுபோனது ஒண்ணும் நிக்கல. குருத்து அழுகிப் போச்சாம். மறுக்கா கொண்டுபோனாவ, அதுவும் போச்சு. எம் மரத்தக் கொறை சொன்னாவ பாருங்க, எனக்கு வந்துதே கோவம். எங்க மாமனாரு வச்ச மரம், எத்தன புயலப் பாத்துருக்கு. ஒங்க எடத்துல நிக்கலன்னா ஒங்க எடத்தப் போய்ப் பாருங்கன்னு சொன்னேன்."

"அதுக்கு என்ன சொன்னாங்க?"

"ஒண்ணுஞ் சொல்லல, சிரிச்சாவ. மூணாம் வாட்டி வரும்போது எந் தோட்டத்து மண்ணையும் சேத்துல்ல லாரில அள்ளிட்டுப் போனாவ. ஆழமா குழி எடுத்து, உள்ள சிமெண்டு பூசி, தொட்டியாக் கட்டி அதுக்குள்ள நட்டிருக்காவளாம். மரத்தத் தொட்டில வைக்கிற கூத்த எங்கயாவது கேட்டிருக்கியளா? அது என்ன ரோசாச் செடியா?"

"வந்தது யாரு? முதலாளியா?"

"மொதலாளிய நான் கண்டதே இல்ல. இஞ்சினியரும் மேஸ்திரியுந்தான் வந்தாவ."

ஆட்டோவில் ஏறி உட்கார்ந்ததும் வலியுல்லா வண்டியைக் கிளப்பவில்லை. முழுசாகத் திரும்பி உட்கார்ந்தான்.

"அப்போ மண்ணை எடுக்கவே இல்ல, வாரிக் கொட்டினதா காட்டிட்டு மேல பூசி மெழுகிட்டாங்க. தென்னமரம் மட்டும் தொட்டில பாசாங்கா நிக்குது. அய்யரு தப்பிச்சாரு. ஆனா மொதலாளி வந்ததே இல்லன்னுதே அந்தம்மா. இஞ்சினியரு நைசா ஏமாத்திட்டான், அவுரும் பாவம்னா?"

"அதைத்தான் அவரும் சொல்வார்" என்றாள் தேவானை. "நான் வாயைத் திறந்து மண்ணு கெட்டதுன்னு சொன்ன அடுத்த நிமிஷம், ஐயோ என்னையும் ஏமாத்திட்டானேன்னு நெஞ்சில அடிச்சிக்குவார். இஞ்சினியரை வேலையை விட்டு எடுப்பார். இந்தக் கூட்டம் அவருக்குச் சோடா வாங்கிக் குடுத்துக் கண்ணைத் துடைச்சு விடும். மறுபடி நாலு லாரி மண்ணு மேல கொட்டுவாங்க. நர்சரிப் பிள்ளைங்க அதுல விளையாடும்."

"அவுருக்குத் தெரியாதுன்னே வெச்சுக்கலாமேக்கா. தெரிஞ்சிருந்தா, எம் மண்ணுலதான் முளைக்கணும்னு வீடியோ வெச்சுக்கினு நிப்பாரா?"

அந்தக் கேள்விதான் காலையிலிருந்து தேவானையை உறுத்திக்கொண்டிருந்தது. மண்ணைச் சோதித்த அதிகாரிகளை ஏமாற்றத் தெரிந்த மனிதர், தன் கையாலேயே இன்னொரு சோதனைக்கு ஏற்பாடு செய்வாரா? பதில் கிடைத்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. அதிகாரி வந்து மண் எடுத்தபோது தென்னைமரத்தடிக்குக் கூட்டிப்போயிருப்பார். அது சோதனை என்று அவருக்குத் தெரியும். குருக்கள் மண் எடுத்தது அவருக்குச் சோதனை இல்லை, சடங்கு. சடங்கு என்றால் வீடியோவில் நன்றாக விழவேண்டிய ஒரு காட்சி. ஆயுள் முழுக்கக் கோயில் கோயிலாகக் கும்பிட்டுக்கொண்டு திரிந்த மனிதருக்கு, ஒரு பூஜை நிஜமாகவே எதையாவது கண்டுபிடித்துவிடும் என்று ஒரு நாளும் தோன்றியதில்லை.

சிரிப்பு அடங்கியபோது வேறொன்று ஞாபகம் வந்தது. உச்சந்தலையில் தடவிக்கொண்ட அந்தக் கை. வாய்ப்பக்கமே போகாத கை. தலையில் தடவிக்கொள்கிறவர்கள்கூட முதலில் குடித்துவிட்டு மிச்ச ஈரத்தைத்தான் தடவுவார்கள்.

தேவானை ஆட்டோவுக்கு வெளியே காறித் துப்பினாள். காலையில் அவள் குடித்ததை அவர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தார். அந்தக் குருக்கள் நாள்தோறும் குடிப்பதையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

"டெலிபோன் பூத் எங்கேயாவது நிறுத்து."

தி.நகர் வீட்டில் போனை எடுத்தது கீர்த்திதான். வளைகாப்பு முடிந்து, தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்தாள். கோயிலில் முதல் விளக்கை வீட்டுப் பெண் ஏற்றினால் நல்லது என்று குருக்கள் பிரியப்படுகிறார் என்றாள் தேவானை.

"நான் வர்றேன் மேடம். எனக்கும் ரொம்ப நாளா ஆசை. அப்பாதான் என்னை அந்தப் பக்கமே விடமாட்டேங்குறாரு. கர்ப்பமா இருக்கிறதுக்கு முந்தியும் விடலை. என் பேருல பிளாக் கட்டியிருக்காரு, இன்னும் நான் பார்த்ததில்லை. ஊரே பார்த்திடுச்சு."

"அப்பா கிட்ட இப்போ சொல்ல வேண்டாம். நேர்ல பார்த்துச் சந்தோஷப்படட்டும்."

போனை வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். இனிச் செய்யவேண்டியதற்குக் குருக்களின் சம்மதம் வேண்டும். நந்தவன நகரத்துக்குத் திரும்பி, அவரைத் தனியாகக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னாள். குருக்கள் யாகசாலைக் கலசத்தை ஒரு தடவை பார்த்தார். பிறகு மேல்துண்டை இறுக்கிக்கொண்டு, "கெட்டதைக் கலசத்துல வெச்சுண்டா இத்தனை நாள் மந்திரம் சொன்னேன்?" என்று மட்டும் கேட்டார். வலியுல்லாவின் ஆட்டோவில் ஏறி மயிலாப்பூருக்குப் போய்விட்டு ஒரு குடத்தோடு திரும்பி வந்தார்.

சாயங்காலம் எல்லாரும் வந்துவிட்டார்கள். பட்டுப்புடவைகள், சரிகை வேட்டிகள், குழந்தைகள். வாசலில் கொடுத்த சாத்துக்குடி ஜூஸைக் குடித்துக்கொண்டு, சதுர அடி பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். வீடியோக்காரர் விளக்கைப் போட்டார். வைரவன் உள்ளே ஆபீஸில் யாருடனோ பேசிக்கொண்டிருந்தவர், மேளச் சத்தம் கேட்டு வெளியே வந்தார். கூட்டத்துக்கு முன்னால் தேவானை நிற்பதைப் பார்த்துத் தலையசைத்தார். சொன்னதைச் சொல்லிவிடு என்று அர்த்தம்.

தேவானை குருக்களுக்குக் கண்ணைக் காட்டினாள். குருக்கள் தீபாராதனை காட்டினார். எல்லாரும் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். பிறகு உத்தரணியும் பாத்திரமுமாகத் தீர்த்தம் கொடுக்க வந்தார். வரிசையாகக் கைகள் நீண்டன. பரத்வாஜ் பேஜரைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு இரண்டு தடவை வாங்கிக் குடித்தார். ஒரு அம்மா தான் குடித்துவிட்டுக் கைக்குழந்தையின் உதட்டில் ஈரத்தைத் தடவினாள். வைரவன் எல்லாரையும் பார்த்துப் புன்னகை செய்துகொண்டு நின்றார். அவர் முகத்தில் ஒரு சின்ன மாற்றம்கூட இல்லை.

குருக்கள் அவர் கையிலும் வார்த்தார். கை நேராக உச்சந்தலைக்குப் போனது.

தூணுக்குப் பின்னாலிருந்து கீர்த்தி முன்னால் வந்தாள். நிறைமாத வயிறு, கை நிறையக் கண்ணாடி வளையல். அப்பாவைப் பார்த்துச் சிரித்துவிட்டுக் குருக்களிடம் வலது கையைக் குழித்து நீட்டினாள். தீர்த்தம் விழுந்தது. கையை வாய்க்குக் கொண்டுபோனாள்.

வைரவன் பாய்ந்த வேகத்தில் பக்கத்தில் நின்றவர் விழப்பார்த்தார். மகளின் கையை ஓங்கித் தட்டிவிட்டார். இரண்டு வளையல்கள் உடைந்து தரையில் தெறித்தன. மேளம் நின்றது.

"குடிக்காதே."

"ஏம்பா?"

"நீ எதுக்கு இங்க வந்தே? யாரு உன்ன வரச் சொன்னா? வீட்டுக்குப் போ."

"ஏம்பா குடிக்கக் கூடாது?"

"சளி பிடிக்கும். இந்த நேரத்துல பச்சைத் தண்ணி ஆகாது."

"ஒரு உத்தரணி துளசித் தண்ணியில என்ன சளி?" என்றாள் தேவானை. "காலையில எனக்கு விழுந்தப்போ நீங்க ஒண்ணும் சொல்லலையே. இப்போ இந்தக் கைக்குழந்தைக்கும் சொல்லலை."

கூட்டம் இன்னும் பிடிபடாமல் பார்த்துக்கொண்டிருந்தது. கீர்த்திக்கு மட்டும் பிடிபட்டுவிட்டது. அவள் அப்பாவின் நனைந்த தலையைப் பார்த்தாள். காய்ந்த உதட்டைப் பார்த்தாள். மறுபடி குருக்களிடம் கையை நீட்டினாள்.

"குடுங்க சாமி."

குருக்கள் தேவானையைப் பார்த்துவிட்டு வார்த்தார்.

"கீர்த்தி, வேண்டாம் தாயி."

"ஏன்னு சொல்லுங்க. இத்தனை பேர் முன்னால சொல்லுங்க. இல்லைன்னா குடிக்கிறேன்."

கை வாயை நெருங்கியது. வைரவன் கருகிய நாலு சட்டிகளையும் கருகாத ஒன்றையும் பார்த்தார், வீடியோ விளக்கைப் பார்த்தார், தேவானையைப் பார்த்தார். தப்பிக்க ஒரு பொய்யைத் தேடினார். ஆயுசுக்கும் கைகொடுத்த பொய் அந்த நேரம் பார்த்து வரவில்லை.

"அது இங்கத்துக் கிணத்துத் தண்ணி" என்றார். "மண்ணு எடுக்கலை. எடுக்கிறதுன்னா கட்டுப்படி ஆகாதுன்னாங்க. பழசெல்லாம் அடியில அப்படியேதான் கெடக்கு. குடிச்சிடாதம்மா. வயித்துல பிள்ளை இருக்கு."

கீர்த்தி கையை இறக்கவில்லை. வரிசையில் நின்றவர்களைத் திரும்பிப் பார்த்தாள். ஈரமான கைகளோடு நின்றார்கள். அந்த அம்மா குழந்தையின் உதட்டை முந்தானையால் தேய்த்துத் தேய்த்துத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"அப்போ இவங்க?"

வைரவன் அவர்களைப் பார்க்கக்கூட இல்லை. அவர் கண் மகளின் கையிலேயே இருந்தது. கீர்த்தி அந்தத் தீர்த்தத்தைக் குடித்துவிட்டாள்.

அவர் போட்ட சத்தத்தில் ஒரு குழந்தை அழ ஆரம்பித்தது. அவர் தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொள்ளும் வரை தேவானை காத்திருந்தாள். காலையில் தான் குடித்ததற்கு அவ்வளவு நேரம் காத்திருக்கலாம் என்று நினைத்தாள். அதில் அவளுக்கு வருத்தம் ஒன்றும் இல்லை.

"யாரும் பயப்படாதீங்க. இது குருக்கள் வீட்டுக் கிணத்துத் தண்ணி. இங்கத்துக் கிணத்துத் தண்ணியை முன்னாடியே கொட்டியாச்சு" என்று அந்தக் கைக்குழந்தையின் அம்மாவைப் பார்த்துச் சொன்னாள். பிறகு வைரவனிடம் திரும்பினாள். "இன்னார்தான் பண்ணினார்னு எல்லார் முன்னாலயும் சொல்லச் சொன்னீங்க. நீங்களே சொல்லிட்டீங்க. எனக்கு வேலை மிச்சம்."

குருக்கள் மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். நாலு கருகிய சட்டிகளையும் அப்படியே விட்டுவிட்டு, முளைவிட்டிருந்த ஐந்தாவது பாலிகையை மட்டும் இரண்டு கையாலும் எடுத்துக்கொண்டார்.

"நாளைக்குக் கும்பாபிஷேகம் கிடையாது. என்னால முடியாது" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்தார். அவரை நிறுத்த வைரவனிடம் இப்போது எந்த வார்த்தையும் இல்லை.

கூட்டத்தில் முதலில் வாய் திறந்தவர் பரத்வாஜ். வைரவனிடம் ஒன்றும் கேட்கவில்லை. நேராக வீடியோக்காரரிடம் போனார்.

"அந்த லைட்டை அணைச்சுடுங்கோ. கேசட்டைக் குடுத்துடுங்கோ. இது வெளில போச்சுன்னா எங்க வீட்டை யார் வாங்குவா?"

"நீங்களே குடியிருக்க வேண்டியதுதான்" என்றான் வலியுல்லா. கேசட் ஏற்கெனவே அவன் சட்டைக்குள் இருந்தது. வீடியோக்காரர் அவனுக்கு மச்சான் முறை.

வாசலில் கீர்த்தி தனியாக நின்றுகொண்டிருந்தாள். தி.நகர் வீட்டுக் கார் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு டிரைவர் காத்திருந்தார். அவள் அதில் ஏறவில்லை. குருக்கள் உட்கார்ந்திருந்த ஆட்டோவின் பக்கம் வந்தாள்.

"என்னையும் விட்டுடுறீங்களா?"

"எங்க தங்கச்சி, தி.நகரா?" என்றான் வலியுல்லா. வாயில் வந்த வேடிக்கையை அவன் விழுங்கியது அன்றைக்கு அதுதான் முதல் தடவை.

"வடபழனி. எங்க மாமியார் வீடு."

பின்னாலேயே ஓடிவந்த வைரவன் அதைக் கேட்டு நின்றுவிட்டார். தலைப்பிரசவத்துக்கு வந்த பெண் பிள்ளை பெறாமல் மாமியார் வீட்டுக்குத் திரும்பிப் போவதற்கு என்ன அர்த்தம் என்று அவர் ஊரில் யாரும் யாருக்கும் விளக்கிச் சொல்லத் தேவையில்லை. நாளைக்கு அவர் கடையில் சேலை மடிக்கும் பெண்கள்கூட அதைப் பற்றித்தான் பேசுவார்கள்.

"அம்மாடி, உனக்காகத்தானே எல்லாம்" என்றார்.

"எனக்காகன்னா என்னை ஏம்பா இங்க விடலை?"

தேவானை நகர்ந்து அவளுக்கு இடம் கொடுத்தாள். ஆட்டோ கிளம்பியது. குருக்களின் மடியில் இருந்த சட்டியில் முளைகள் ஆடின. கேட்டுக்கு மேலே விளம்பரப் பலகையில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அதில் எழுதியிருந்ததை அண்ணாந்து படித்துவிட்டு, கீர்த்தி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பலகைக்கு அடியில் அவளுடைய அப்பா, தன்னுடைய மண்ணில், தனியாக நின்றுகொண்டிருந்தார்.